மூன்று லட்சத்துக்கு கேமிங் பிசி: பிராண்டட் டவரா, ரிச்சி ஸ்ட்ரீட் அசெம்பிளா?

மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் போட்டு ஒரு கேமிங் பிசி எடுப்பது என்று முடிவானதும் என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. டெல்லின் ஏலியன்வேர் அரோரா, எச்பி ஓமென், லெனோவோ லீஜியன் டவர் மாதிரி கம்பெனியே பூட்டி அனுப்பும் பிராண்டட் டவர் ஒன்று. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்து, கடையிலேயே அசெம்பிள் செய்து வாங்குவது இன்னொன்று. நான் இரண்டாவதை எடுத்தேன். ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசஸர், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5080 கிராஃபிக்ஸ் கார்டு, 32 ஜிபி டிடிஆர்5 ராம், 1000 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லா பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி). ஆகவே இந்த அலசல் அசெம்பிள் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதற்குக் காரணம் வேகமோ விலையோ இல்லை, பழுது பார்க்கும் வசதி.

வேகத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஒரே பிராசஸர், ஒரே கார்டு என்றால் யார் பூட்டினாலும் ஃபிரேம் கணக்கு (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பது) கிட்டத்தட்ட ஒன்றுதான். பிராண்டட் வாங்குகிறவர்கள் ராமை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் ஆரம்ப விலைக்கு ஒற்றை ஸ்டிக்தான் கொடுப்பார்கள். இரண்டு ஸ்டிக் போட்டால் வரும் டூயல் சேனல் வேகம் அதில் வராது.

விலை ஒரு நிலையில் நிற்கிற விஷயம் இல்லை. 2025 ஜனவரியில் என்விடியா இந்தியாவுக்கு அறிவித்த விலை 5080-க்கு 1,07,000 ரூபாய், அதற்கு மேல் மாடலான 5090-க்கு 2,14,000 ரூபாய். கடைக்குப் போனால் அந்த விலைக்குக் கார்டு கிடைப்பது அபூர்வமாக இருந்தது. 2021-இல் கிரிப்டோ மைனிங் மோகத்தில் கார்டுகளே கண்ணில் படாமல் போனபோது, முழு சிஸ்டமாக வாங்குவதுதான் பலருக்கு மலிவான வழியாகிவிட்டது. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, ராம் விலை மளமளவென்று ஏறியது. அப்படிப்பட்ட சமயங்களில், முன்பே மொத்தமாகக் கொள்முதல் செய்து வைத்த பெரிய கம்பெனியின் டவர் மலிவாக அமைந்துவிடலாம். நீங்கள் வாங்கப் போகிற வாரத்தில் இரண்டு பக்கமும் விசாரித்துவிடுங்கள். வித்தியாசம் பத்து, பதினைந்தாயிரம்தான் என்றால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தச் சாமான் ஐந்தாறு வருஷம் உழைக்க வேண்டியது.

அழகிலும் அடக்கத்திலும் பிராண்டட்தான் மேல். அரோரா ஆர்16 வெறும் 25.2 லிட்டர் பெட்டி, மேசை ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். என் கேபினட் மேசைக்கு அடியில் ஒரு சூட்கேஸ் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சரி, பெட்டியைத் திறப்போம். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறைதான் அசெம்பிள் உலகத்துக்கே அஸ்திவாரம். எல்லா பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டில் திருகு ஓட்டை எங்கே வர வேண்டும், பின்பக்கம் யுஎஸ்பி, லேன் துளைகளுக்கு எவ்வளவு இடம், எஸ்எம்பிஎஸ் எந்த அளவில் இருக்க வேண்டும், அதிலிருந்து வரும் கனெக்டரில் எத்தனை பின் என்று எல்லாவற்றையும் அது வகுத்து வைத்திருக்கிறது. முதலில் 20 பின்னாக இருந்த கனெக்டர் பிறகு 24 ஆனது, மற்றபடி அந்த ஒழுங்கு இன்றுவரை நிலைத்திருக்கிறது. இதனால்தான் ஒரு கம்பெனி மதர்போர்டும் இன்னொரு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸும் வேறொருவர் கேபினட்டுக்குள் ஒன்றாக உட்காருகின்றன.

பிராண்டட் டவர்களில் பல இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படுவதில்லை. டெல், எச்பி, லெனோவோ மூன்றுமே தங்கள் அலுவலக டெஸ்க்டாப்களில் 12 வோல்ட் மட்டும் தரும் சொந்த வகை எஸ்எம்பிஎஸ்ஸைப் பல ஆண்டுகளாகப் போட்டு வருகின்றன. 5 வோல்ட், 3.3 வோல்ட் எல்லாம் மதர்போர்டே பிரித்துக்கொள்ளும். சும்மா இருக்கும்போது மின்சாரம் குறைவாகச் செலவாகும், ஒயரும் குறையும். பொறியியலாகப் பார்த்தால் அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பழக்கம் விலை உயர்ந்த கேமிங் டவர்களுக்குள்ளும் வந்துவிட்டது. அரோராவின் சமீபத்திய தலைமுறைகளில் மதர்போர்டே டெல்லின் சொந்த வடிவம். மதர்போர்டு போனால் கடைக்குப் போய் வேறு ஒன்று வாங்கி அந்த இடத்தில் வைக்க முடியாது.

இதன் விலை என்ன என்பதை என் அத்தை மகன் வீட்டில் பார்த்தேன். அவனிடம் இருந்தது ஒரு பெரிய பிராண்டின் கேமிங் டவர், வாரண்டி முடிந்திருந்தது. மழைக்காலத்தில் கரண்ட் போய்த் திரும்ப வந்த ஒரு ராத்திரியோடு அது எழுந்திருக்கவில்லை. எஸ்எம்பிஎஸ்தான் போயிருக்கும், சின்ன வேலை என்று ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மெக்கானிக் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். ஷெல்ஃபில் இருந்து நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை எடுத்து, அதன் தடித்த 24 பின் கேபிளை மதர்போர்டுக்கு மேலே கொண்டுபோனார். சொருக இடமே இல்லை. அந்த மூலையில் இருந்தது ஒரு சின்னக் கனெக்டர், பின் அமைப்பும் வேறு. கேபிளை அப்படியே பிடித்துக்கொண்டு, "தம்பி, இதுக்கு அவங்க பார்ட்தான் போடணும். நம்ம கடைல இருக்கிறது எதுவும் சேராது" என்றார். தெரு முழுக்க எஸ்எம்பிஎஸ் அடுக்கி வைத்திருக்கிறார்கள், இந்த ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. கடைசியில் கம்பெனி சர்வீஸ் வழியாகத்தான் பார்ட் வந்தது. வரும்வரை கார்டு, பிராசஸர், ராம் எல்லாம் நல்ல நிலையில் சும்மா கிடந்தன.

எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டரில் முதலில் போகக்கூடிய பாகங்களில் ஒன்று. நம் ஊர் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் அதன் மேல்தான் முதல் அடி விழும். அதே பாகம் என் சிஸ்டத்தில் போனால் அன்று சாயங்காலமே வேறு ஒன்று வாங்கி நான்கு திருகு போட்டு முடித்துவிடலாம். நான் அசெம்பிள் பக்கம் போனதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பிராண்டட் எல்லாமே இப்படி என்று சொன்னால் அநியாயம். ஓமென் 45எல் மாடலில் எச்பி போடுவது ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்தான். டெல்லும் 2025 ஜனவரியில் அறிவித்த ஏலியன்வேர் ஏரியா-51 டெஸ்க்டாப்பில் பழைய ஒழுங்குக்குத் திரும்பியிருக்கிறது. 80 லிட்டர் பெட்டி, ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ், பின்னாளில் வெளியில் வாங்கிய மதர்போர்டை மாற்றிப் போடவும் வழி. வாங்குகிறவர்கள் கேட்கக் கேட்க கம்பெனிகள் இறங்கி வருகின்றன என்பதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். இந்த இரண்டையும் நான் வைத்துப் பயன்படுத்தியதில்லை, ஆகவே வருஷக் கணக்கில் எப்படி உழைக்கும் என்று சான்றிதழ் தர மாட்டேன். ஆனால் பிராண்டட்தான் வேண்டும் என்றால் இந்த வகையில்தான் தேடுங்கள்.

தேடுவதற்கும் சுலபமான வழி உண்டு. பெரிய கம்பெனிகள் தங்கள் மாடல்களுக்கான சர்வீஸ் மேனுவலை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. பணம் கட்டும் முன் அதை இறக்கி, மதர்போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் கழற்றும் பக்கங்களை மட்டும் பாருங்கள். மதர்போர்டுக்குப் போவது 24 பின் கேபிளா, ராம் ஸ்லாட் இரண்டா நான்கா, முன்பக்க யுஎஸ்பி துளைகள் மதர்போர்டோடு ஒட்டியிருக்கின்றனவா, தனி ஒயரில் வருகின்றனவா? இவை தெரிந்தால் போதும், நான்கு வருஷம் கழித்து உங்கள் நிலைமை என்ன என்பது தெரிந்துவிடும்.

பழுது ஒரு பக்கம் என்றால் அப்கிரேடு இன்னொரு பக்கம். 2017-இல் முதல் ரைசனுக்காக ஏஎம்4 சாக்கெட் (பிராசஸரைப் பொருத்தும் இடம்) கொண்ட மதர்போர்டு வாங்கியவர்களில் பலர், பயாஸ் என்கிற போர்டின் அடிப்படை மென்பொருளை மட்டும் புதுப்பித்துக்கொண்டு 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசஸரை அதே போர்டில் போட முடிந்தது. ஐந்து வருஷம் கழித்து, ஒரே ஒரு பாகத்தை மாற்றி, புது சிஸ்டம் மாதிரி ஆக்கிக்கொண்டார்கள். இப்போதைய ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையாவது தொடர்வதாக ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நான் இந்தப் பக்கம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிராண்டட் டவரில் சாக்கெட் அதேதான் என்றாலும், புது பிராசஸரைப் போர்டு ஏற்க வேண்டுமானால் அந்தக் கம்பெனி பயாஸ் வெளியிட வேண்டும். அடுத்த வருஷ மாடலை விற்க நினைக்கும் கம்பெனிக்கு அதில் என்ன அவசரம்?

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 5080 கார்டு மட்டும் 360 வாட், 5090 என்றால் 575 வாட். அவ்வளவும் வெப்பமாகத்தான் அறைக்குள் வரும். ஏசி இல்லாத அறையில் சித்திரை மாசத்து மதியம் 36, 37 டிகிரி காற்றை இழுத்துத்தான் அது தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். சின்னப் பெட்டியின் அழகு அங்கே ஃபேன் சத்தமாக மாறும். இதில் ஓமென் 45எல் யோசித்துச் செய்த பெட்டி. பிராசஸரின் ரேடியேட்டரை மேலே தனி அறையில் வைத்து, கார்டின் சூடு படாத வெளிக்காற்றை நேராக அதற்குத் தருகிறார்கள். நான் முன்பக்கம் முழுக்க வலை வைத்த கேபினட் வாங்கி, மூன்று ஃபேன் உள்ளே இழுக்க, ஒன்று வெளியே தள்ள என்று வைத்துக்கொண்டேன். வலை ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டுவது மாதாந்திர வேலையாகிவிட்டது. தட்டாமல் விட்டால் வித்தியாசம் டிகிரியிலேயே தெரிகிறது.

யுபிஎஸ் விஷயம் இரண்டுக்கும் பொது. வீட்டில் கிடக்கும் 600 விஏ பெட்டி இந்தச் சுமையைத் தாங்காது. ப்யூர் சைன் வேவ் யுபிஎஸ்ஸாக, கொஞ்சம் பெரிதாக வாங்குங்கள்.

பிராண்டட் டவர் ஜெயிக்கும் இடம் சர்வீஸ். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆன்சைட் வாரண்டி போட்டிருந்தால் இன்ஜினியர் வீட்டுக்கே வருவார். எந்தப் பாகம் கெட்டது என்று கண்டுபிடிப்பதும் மாற்றுவதும் அவர் பாடு. அசெம்பிள் சிஸ்டம் விளையாட்டின் நடுவே ஹேங் ஆனால் ராமா, கார்டா, எஸ்எம்பிஎஸ்ஸா என்று நாம்தான் துப்புத் துலக்க வேண்டும். கண்டுபிடித்தாலும் கார்டுக்கு ஒரு சர்வீஸ் சென்டர், ராமுக்கு இன்னொன்று என்று அலைய வேண்டும். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்களில் சில வோல்டேஜ் கோளாறால் நாளடைவில் நிலைகுலைந்தன. 2024-இல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, பிராசஸருக்குள் இயங்கும் மைக்ரோகோட் நிரலுக்குத் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டியது. விளையாட்டு ஏன் பாதியில் மூடிக்கொள்கிறது என்று தெரியாமல் ராமையும் கார்டையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அப்போது ஏராளம். பிராண்டட் வைத்திருந்தவர்கள் ஒரே இடத்தில் புகார் கொடுத்தால் போதும்.

இதற்கு எதிரே வைக்க வேண்டியது வாரண்டி காலம். பிராண்டட் டவருக்கு அடிப்படையாகப் பெரும்பாலும் ஒரு வருஷம்தான், மேலே வேண்டுமென்றால் பணம் கட்டி நீட்ட வேண்டும். தனித்தனியாக வாங்கினால் கார்டுக்குப் பொதுவாக மூன்று வருஷம், நல்ல எஸ்எஸ்டிக்கு ஐந்து, உயர்தர எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பத்து வருஷம்கூட உண்டு. அலைச்சல் இருக்கிறது, ஆனால் காப்பு நீளம்.

மறுவிற்பனையில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு. பழைய கார்டு ஒன்றை மட்டும்தான் விற்றிருக்கிறேன், அது சட்டென்று போனது. பாகம் பாகமாக விற்கலாம் என்பது அசெம்பிளுக்குச் சாதகம். பெட்டியோடு பில்லோடு இருக்கும் பிரபல பிராண்டு டவருக்கும் வாங்க ஆள் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இதை வைத்து நான் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஆக, பக்கத்தில் நல்ல கடை இல்லாத ஊரில் இருக்கிறீர்கள், ஸ்க்ரூடிரைவரைத் தொடவே விருப்பமில்லை, அல்லது இந்த சிஸ்டத்தை நம்பித்தான் பிழைப்பு என்றால், ஏடிஎக்ஸ் பாகங்கள் உள்ள பிராண்டட் டவர் ஒன்றை மூன்று வருஷ ஆன்சைட் வாரண்டியோடு எடுங்கள். மற்றவர்களுக்கு என் சிபாரிசு அசெம்பிள்தான். எடுக்கும்போது கடைக்காரர் "ஒரே பில்லா அசெம்பிள்டு பிசின்னு போட்டுத் தர்றேன் சார்" என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வரி, அதில் மாடல் பெயரும் சீரியல் நம்பரும், ஜிஎஸ்டி பில்லாக எழுதி வாங்குங்கள். கார்டு பெட்டியையும் எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் பரணில் போட்டு வையுங்கள். சர்வீஸ் சென்டர் கவுண்டரில் முதலில் கேட்பது அந்த பில்லையும் சீரியல் நம்பரையும்தான்.