வயிற்றுக்குள் பார்க்காமலேயே 18,500 வெள்ளியை வாங்கிக்கொண்டார்கள்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, சில ஆண்டுகளில் எடை மீண்டும் ஏறி, அடுத்து என்ன செய்வது என்று இரவில் கைப்பேசியில் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் 18,500 மலேசிய வெள்ளியைத் திருப்பித் தர இயலாது என்று, அதை வாங்கிக்கொண்ட மையத்திடமிருந்து கடைசிப் பதில் நேற்று மாலைதான் வந்தது. இரவு முழுவதும் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2015-இல் எனக்கு கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்தார்கள். இரைப்பையின் மேல்முனையில் ஏறக்குறைய 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையைத் தனியே பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரடியாக இணைத்துவிடும் சிகிச்சை அது. 118 கிலோவாக இருந்த நான் ஒன்றரை ஆண்டில் 74 கிலோவுக்கு இறங்கினேன். நீரிழிவு மாத்திரையை நிறுத்தினார்கள். பள்ளியின் மூன்றாம் மாடி வகுப்பறைக்கு மூச்சு வாங்காமல் ஏறினேன். ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்ற எடை, கடந்த மூன்று ஆண்டுகளில் 97 கிலோவுக்கு ஏறிவிட்டது. பைபாஸ் செய்துகொண்டவர்களில் பலருக்கு ஓரளவு எடை திரும்புவது உண்டு என்பதை இப்போது அறிவேன். அப்போது எனக்கு வெட்கம் ஒன்றுதான் இருந்தது. ஒரு திருமணப் பந்தியில், "வயிற்றையே வெட்டியும் இப்படியா?" என்று உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் எல்லார் காதிலும் விழும்படி கேட்ட பிறகு, நான் விசேஷங்களுக்குப் போவதையே விட்டுவிட்டேன், மருத்துவமனைத் தொடர் பரிசோதனைக்குப் போவதையும் விட்டுவிட்டேன். இரண்டாவதாகச் செய்ததுதான் பெரிய பிழை.

அந்த நிலையில்தான் முகநூலில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. மருத்துவமனையும் அல்ல, கிளினிக்கும் அல்ல. நோயாளிகளைத் தனியார் மருத்துவமனைகளோடு இணைத்துவைப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் எடைக்குறைப்பு ஆலோசனை மையம். பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. வெளித்தழும்பு இல்லாமல் ஒரே நாளில் பழைய பைபாஸைச் சரிசெய்துவிடலாம் என்று விளம்பரம் சொன்னது. புலனத்தில் (வாட்ஸ்அப்) என் எண்ணை அனுப்பிய பத்து நிமிடத்தில் ஒரு பெண் தமிழிலேயே அழைத்தார். அடுத்த சனிக்கிழமை நானும் கணவரும் பிறையிலிருந்து பாலம் கடந்து போனோம்.

அந்தப் பெண் மேசைக்கு அப்பால் உட்காரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் அமர்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இது உங்கள் தப்பே இல்லை. பை விரிந்துவிட்டது, அவ்வளவுதான். அதைச் சுருக்கிவிட்டால் மறுபடியும் இறங்கிவிடுவீர்கள்" என்றார். மூன்று ஆண்டுகளாக யாராவது ஒருவர் சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கிய சொற்கள் அவை. அங்கேயே அழுதுவிட்டேன். ஒரு தாளில் பலூன் போல ஒன்றை வரைந்து, அதன் கழுத்தை நூலால் கட்டுவதுபோல் காட்டினார். வாய்வழியாக உள்நோக்குக் குழாயைச் செலுத்தி, பையும் குடலும் இணையும் வாயைத் தைத்துச் சுருக்கும் சிகிச்சை என்றார். அப்படி ஒரு சிகிச்சை உண்மையிலேயே இருக்கிறது. தேர்ந்த மருத்துவர்கள் தக்க நோயாளிகளுக்கு அதைச் செய்கிறார்கள். பொய் அதில் இல்லை. என் வயிற்றுக்குள் எவரும் பார்க்காமலேயே அது எனக்குத் தேவை என்று சொன்னதில்தான் பொய் இருந்தது.

ஓர் இரவு யோசிக்கலாம் என்றார் கணவர். மருத்துவரிடம் இரண்டே இடங்கள்தான் மீதமிருக்கின்றன, இந்த விலை இன்றோடு முடிகிறது என்றார் அந்தப் பெண். ஊழியர் சேமநிதியின் நெகிழ்வுக் கணக்கிலிருந்து எடுத்து வைத்திருந்த 7,000 வெள்ளியையும், மகனின் கல்லூரிக்காகச் சேர்த்திருந்த 11,500 வெள்ளியையும் சேர்த்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைப்பேசி வழியாக அனுப்பினேன். 18,500 வெள்ளி. பணம் மருத்துவமனைக் கணக்குக்குப் போகவில்லை, அந்த மையத்தின் நிறுவனக் கணக்குக்குப் போனது. இரசீதில் சிகிச்சை என்ற சொல்லே இல்லை. 'நல்வாழ்வுத் திட்டக் கட்டணம்' என்றுதான் இருந்தது. படித்தேன், ஆனால் கேட்கவில்லை.

ஒரு மணி நேரப் பேச்சில் அவர்கள் என்னிடம் கேட்காதவை எத்தனையோ. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. பழைய அறுவை சிகிச்சைக் குறிப்புகள் வேண்டும் என்று சொல்லவில்லை. இரத்தப் பரிசோதனை, உள்நோக்குப் பரிசோதனை, மாறுநிற மருந்தைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே, எதையும் பற்றிப் பேச்சில்லை. கேட்டது வங்கிச் சான்றை மட்டும்.

பிறகு தேதிகள் தள்ளிப்போகத் தொடங்கின. மருத்துவர் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அடுத்த முறை மருத்துவமனையில் கருவி பழுது, அதற்கடுத்து பெருநாள் விடுமுறை. பத்து வாரங்கள் கழித்து, அவர்கள் பெயர் சொன்ன தனியார் மருத்துவமனைக்கு நானே தொலைபேசியில் அழைத்தேன். என் பெயரில் எந்த முன்பதிவும் இல்லை என்று பதிவுப் பிரிவில் இருந்தவர் இரண்டு முறை சரிபார்த்துச் சொன்னார். அந்த நிமிடத்தில் உள்ளங்கால் சில்லிட்டதை என்னால் மறக்க முடியாது.

வேறு வழியின்றி, முதல் சிகிச்சை நடந்த மருத்துவமனைக்கே திரும்பப் போனேன். திட்டுவார்கள் என்று பயந்தேன், யாரும் திட்டவில்லை. மருத்துவர் முதலில் கேட்டதே மாத்திரைகளைப் பற்றித்தான். மூட்டுவாதத்துக்காக மூன்று ஆண்டுகளாகப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துவருகிறேன் என்றதும் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். ஸ்டீராய்டு பசியைத் தூண்டும், எடையை ஏற்றும். எடை ஏறத் தொடங்கிய காலமும் மாத்திரை தொடங்கிய காலமும் ஒன்றாகவே இருந்தன. மருந்தகத்தில் நானாக வாங்கிப் போட்டுக்கொண்ட வலி மாத்திரையைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. பைபாஸ் செய்தவர்களுக்கு அந்த வகை மாத்திரைகள் இணைப்புவாயில் புண்ணை உண்டாக்கக்கூடும் என்று விளக்கி, அன்றே நிறுத்தச் சொன்னார்.

உள்நோக்குப் பரிசோதனையில் இணைப்புவாய் 11 மில்லிமீட்டர் என்று அளந்தார்கள். பை விரியவில்லை. பைக்கும் பழைய இரைப்பைக்கும் இடையே புதுத் துளை ஏதும் விழவில்லை. வாய் நன்றாக விரிந்திருந்தால் அதைத் தைத்து 8 முதல் 10 மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவருவதே அந்தச் சிகிச்சையின் நோக்கம் என்றும், என் வயிற்றில் தைப்பதற்கு ஒன்றும் இல்லை என்றும் மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கொறிப்பதும், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் காலையும் மாலையும் குடிக்கும் இனிப்புத் தே தாரிக்கும் எவ்வளவு குறுகிய வாயிலும் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்றார். குடலின் இணைப்பை இன்னும் கீழே மாற்றும் பெரிய அறுவை சிகிச்சையும் உண்டு; ஆனால் அதில் ஊட்டச்சத்துக் குறைபாடு கடுமையாக வரக்கூடும், மறு அறுவையில் சிக்கல்களும் முதல் அறுவையைவிட அதிகம் என்பதால் எனக்கு அதை அவர் பரிந்துரைக்கவில்லை. மூட்டுவாத மருத்துவரோடு பேசி ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைப்பது, உணவியல் நிபுணர், தேவைப்பட்டால் பசியைக் குறைக்கும் செமாகுளுடைட் போன்ற ஊசி மருந்து என்று வழி வகுத்துக் கொடுத்தார்.

அந்த அறிக்கையோடு மையத்துக்குப் போனேன். என் கையைப் பிடித்த பெண் வெளியே வரவில்லை. வரவேற்பில் இருந்த இளைஞர், நிதிப் பிரிவு கோலாலம்பூரில் இருக்கிறது, மின்னஞ்சல் அனுப்புங்கள் என்றார். மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினேன். புலனத்தில் செய்திகள் படிக்கப்பட்டதற்கான நீலக்குறி விழும், பதில் வராது. ஒருநாள், 18,500 வெள்ளிக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கான புரதப் பானப் பொடியை அனுப்பிவைக்கிறோம் என்றார்கள். நான் மறுத்தேன். நேற்று வந்த பதில் 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று ஆங்கிலத்தில் தொடங்கியது. ஆலோசனை வழங்கப்பட்டுவிட்டதால் கட்டணம் திருப்பித் தரப்படாது என்று முடிந்தது. அக்கா என்று அழைத்த அதே எண்ணிலிருந்துதான் அது வந்தது. ஒரு மணி நேர ஆலோசனைக்கு 18,500 வெள்ளி!

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். இப்போது மனம் ஓடவில்லை. உள்நோக்குப் பரிசோதனை செய்யாமல் உங்கள் பை விரிந்துவிட்டது என்று சொல்பவரிடம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். பணத்தை மருத்துவமனையின் கட்டண முகப்பில் மட்டும் கட்டுங்கள். அதற்கு முன் அங்கே நீங்களே அழைத்து முன்பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவர் பெயரைத் தேசிய நிபுணர் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். இன்றைக்குள் கட்டினால்தான் இந்த விலை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது, மனுக் கட்டணம் 5 வெள்ளி. மருத்துவமனைகளும் மருத்துவர்களும் தரும் மருத்துவச் சேவை அதன் வரம்புக்குள் வராது என்பதால், மையம் அதைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கலாம். ஆனால் அவர்கள் கொடுத்த இரசீதிலேயே நல்வாழ்வுத் திட்டம் என்றுதான் இருக்கிறது. அதன் நகல்களை மூன்று எடுத்து, வங்கிச் சான்றோடும் உள்நோக்குப் பரிசோதனை அறிக்கையோடும் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டேன். மனுவைப் பதிவு செய்யக் கணவரும் உடன் வருகிறார்.