பினாங்கிலிருந்து கடலோர உலகைக் காண: ஆய்வுக் கப்பலா, பினிசியா, கினபாத்தாங்கான் படகா?

பினாங்கில் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் பன்னிருவர் அடுத்த ஆண்டு சேர்ந்து ஒரு கடற்பயணம் போவதென முடிவு செய்து, வழிகளை ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். கடலோர மக்களின் வாழ்க்கையையும் வெப்பமண்டலக் காட்டுயிர்களையும் அருகிலிருந்து காண வேண்டும் என்பதே எல்லாருடைய விருப்பமும். ஆகவே, சுவெட்டன்ஹாம் துறையில் வந்து நிற்கும் பெருங்கப்பல்களை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். ஆயிரக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் கப்பல் பெரிய துறைமுகங்களை மட்டுமே நாட முடியும் என்பதால், மீனவர் கம்பத்தையோ (கிராமத்தையோ) சதுப்புநிலக் காட்டையோ அதில் போய்க் காண வழியில்லை.

எஞ்சியவை மூன்று. கிழக்கு இந்தோனேசியத் தீவுகளுக்கிடையே பத்து நாள், இரண்டு வாரம் என்று செல்லும், நூறு பேர் அளவில் கொள்ளும், சுற்றுலாப் பயணிகளுக்கான சிறு ஆய்வுப் பயணக் கப்பல் ஒன்று. லபுவான் பாஜோவிலிருந்து கொமோடோ தேசியப் பூங்காவைச் சுற்றிவரும் பினிசி என்ற மரக்கலம் இன்னொன்று. அதை ஒரு குழு முழுதாக வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதில் கப்பலே இல்லை: போர்னியோவிலுள்ள நம் சாபா மாநிலத்தின் கினபாத்தாங்கான் ஆற்றங்கரையில் தங்கி, காலையும் மாலையும் சிறு படகில் போய்வருவது. பின்னிரண்டிலும் நான் பயணம் செய்திருக்கிறேன். முதலாவதைப் பயணத் திட்டங்களைப் படித்தும், சென்று வந்தவர்களிடம் கேட்டும் எடை போட்டேன்.

ஆய்வுக் கப்பலின் பெரும்பலம் அது எட்டும் தொலைவு. பண்டா தீவுகளையும், மரச்செதுக்கலுக்குப் பெயர்பெற்ற அஸ்மாட் மக்களின் பாப்புவா கடற்கரையையும் ஒரே பயணத்தில் காண்பது வேறு வழியில் மிகக் கடினம். இந்தோனேசிய அரசின் பெல்னி கப்பல்கள் பண்டாவுக்குச் செல்கின்றன என்றாலும், அவற்றின் அட்டவணைக்கு நம்மை நாமே வளைத்துக்கொள்ள வேண்டும். பண்டாவைக் காணும் ஆசை பினாங்குக்காரர்களுக்குச் சற்று அதிகமாகவே இருப்பது இயல்பு. பாலிக் பூலாவில் நாம் சாறாகவும் ஊறுகாயாகவும் உண்ணும் சாதிக்காய், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி பண்டாவை உள்ளடக்கிய மலுக்குத் தீவுகளிலிருந்து கொண்டுவந்து இங்கே நட்ட மரத்தின் வழிவந்தது. அந்த மரத்துக்காகவே 1621-இல் டச்சுக்காரர்கள் பண்டா மக்களில் பெரும்பாலானோரைக் கொன்றும் நாடு கடத்தியும் தீவுகளை வெறுமையாக்கி, தோட்ட வேலைக்கு அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அந்த மண்ணில் நின்று கேட்க நிறைய இருக்கிறது.

ஆய்வுக் கப்பலில் இயற்கையியலாளர்கள் உடன் வருவதும் மெய்யான நன்மையே. பாலிக்கும் லோம்போக்குக்கும் இடையே விலங்கினங்கள் மாறிவிடுவதை, 1854 முதல் 1862 வரை இத்தீவுக்கூட்டத்தில் அலைந்த ஆங்கிலேய இயற்கையியலாளர் வாலஸ் எப்படிக் கண்டறிந்தார் என்பதை அந்தக் கடலிலேயே நின்று ஒருவர் விளக்குவதற்கு ஈடில்லை. ஆனால் கரையிறங்கும் எண்ணிக்கையில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. அண்டார்டிகாவில் ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையிறங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அங்கே எதிர்ப்படுபவை பெங்குவின்கள். பாப்புவாவில் எதிர்ப்படுபவர்கள் குடும்பங்கள். சோடியாக் என்னும் காற்றடைத்த ரப்பர் படகுகளில் நூறு பேர் அடுத்தடுத்து வந்து இறங்கும்போது, சில நூறு பேர் வாழும் கம்பம் தன் அன்றாட வேலையை நிறுத்திவிட்டு வரவேற்பு நடனத்துக்கு அணிவகுக்க வேண்டியதாகிறது. அதனால் ஊருக்கு வருமானம் உண்டு, அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இருந்தாலும், நாம் காண விரும்பிய வாழ்க்கை அந்த இரண்டு மணி நேரம் நின்றுபோகிறது.

பினிசியில் அந்த நிலை வருவதில்லை. தென் சுலாவெசியின் புலுக்கும்பா கடற்கரையில் இன்றும் கையால் கட்டப்படும் இம்மரக்கலத்தின் கட்டுமானக் கலையை 2017-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதாவது, நம்மைச் சுமந்து செல்லும் கலமே ஒரு கடலோரப் பண்பாடு. பன்னிரண்டு பேர் கொமோடோ கம்பத்தில் இறங்கினால் ஊர் தன் போக்கில் இயங்கிக்கொண்டேயிருக்கும். மரத்தில் உடும்பு செதுக்கிக்கொண்டிருந்த ஒரு முதியவர் அருகில் நாங்கள் ஒரு முழு மாலையும் உட்கார்ந்திருந்தோம். அவர்கள் ‘ஓரா’ என்றழைக்கும் அந்த உடும்பும் மனிதனும் ஒரே தாய்க்குப் பிறந்த இரட்டையர் என்ற கதையை அவரே சொன்னார். மூன்று மீட்டர் வரை வளர்ந்து மானையும் எருமையையும் வீழ்த்தும் ஒரு விலங்கை உடன்பிறப்பு என்று கருதுவது எத்தகைய மனம் என்று படகுக்குத் திரும்பும்வரை பேசிக்கொண்டே வந்தோம்.

எங்கள் குழுவுக்கு முடிவைத் தீர்மானிப்பது மொழி என்று நான் கருதக் காரணம் இந்த மாலைதான். ஆய்வுக் கப்பல் வாங்கும் கட்டணத்தில் ஒரு பகுதி, உள்ளூர் மக்களுக்கும் பயணிகளுக்கும் இடையே நிற்கும் விளக்கவுரையாளருக்கானது. ஐரோப்பியப் பயணிக்கு அது தேவை. மலாய் பேசி வளர்ந்த நமக்கோ, இந்தோனேசிய மொழி அதை ஒத்தது என்பதால், மாலுமியிடமும் சமையற்காரரிடமும் கம்பத்துப் பாட்டியிடமும் நேரே பேச வாய்ப்பிருக்கிறது. சொற்களில் மட்டும் கவனம் வேண்டும்: இங்கே ‘புடாக்’ என்றால் சிறுவன், இந்தோனேசியாவில் அடிமை. பண்டா போன்ற ஊரில் ஒரு குழந்தையை அப்படி அழைத்துவிட்டால் எவ்வளவு புண்படும் என்பதைப் புறப்படுமுன்னரே எல்லாரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

காட்டுயிர் என்று வந்தால் கினபாத்தாங்கானை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. 560 கிலோமீட்டர் ஓடும் அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில், சுக்காவ், பிலிட் கம்பங்களையொட்டி, மாலையில் படகை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் போதும். போர்னியோவைத் தவிர வேறெங்கும் இயற்கையில் வாழாத நீள்மூக்குக் குரங்குகள் இரவு உறங்குவதற்காகக் கரையோர மரங்களுக்குத் தாமே வந்து சேரும். இருவாய்ச்சிகள் தலைக்கு மேலே இணை இணையாகப் பறக்கும். வாய்ப்பிருந்தால் ஓராங் ஊத்தானையும் போர்னியோவின் குட்டை யானைக் கூட்டத்தையும் காணலாம். ஆனால் இவ்வளவு விலங்குகள் இவ்வளவு எளிதில் கண்ணில் படுவதற்கு ஒரு துயரமான காரணமும் உண்டு: செம்பனைத் தோட்டங்கள் இருபுறமும் நெருக்கியதால், எஞ்சிய காட்டுத்துண்டுகளிலும் ஆற்றோரக் கீற்றிலும் அவை ஒடுங்கி வாழ்கின்றன. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த எங்களில் சிலருக்கு அந்தக் காட்சி எளிதாக இராது. ஆனாலும் பார்க்கத்தான் வேண்டும். அதே ஆற்றங்கரையிலுள்ள பத்து பூத்தே என்னும் கம்பத்தில் ஓராங் சுங்கை (ஆற்று மக்கள்) எனப்படுவோர் கூட்டுறவாக நடத்தும் வீட்டுத் தங்கலில் சேர்ந்தால், அழிந்த காட்டில் மரக்கன்று நடும் வேலையிலும் கைகொடுக்கலாம்.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் குழுவில் ஐவர் மரக்கறி உண்பவர்கள். ஆய்வுக் கப்பலின் சமையலறையில் இதற்குச் சிக்கல் இராது. பினிசியில் சோயாவில் செய்யும் தெம்பேயும் தாவ்வும் தாராளமாகக் கிடைக்கும்; ஆனால் மரக்கறி என்றதும் சமையற்காரர் இறைச்சியையும் மீனையும் நீக்குவாரே தவிர, சம்பாலில் இடும் தெராசியை, அதாவது இறாலைப் புளிக்கவைத்துச் செய்யும் நமது பெலாச்சானை, நீக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது. சென்றமுறை இரண்டாம் நாள்தான் இது எங்களுக்குத் தெரியவந்தது. அன்றிலிருந்து அவர் தனிச் சட்டியில் சமைத்துத் தந்தார்.

பருவத்தைப் பொறுத்தவரை, கொமோடோவுக்கு ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஏற்றது. கினபாத்தாங்கானில் நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை வெள்ள அபாயம் உண்டு. பாதுகாப்பை மறைக்காமல் எழுதுகிறேன்: லபுவான் பாஜோ கடலில் சுற்றுலாப் படகுகள் மூழ்கியதும் தீப்பற்றியதும் உண்டு. 2013-இல் லகாட் டத்துவில் நடந்த ஆயுதக் குழுவின் ஊடுருவலுக்குப் பின் சாபாவின் கிழக்குக் கடற்கரை தனிப் பாதுகாப்பு வட்டாரமாக இருக்கிறது. காப்புறுதி அப்பகுதியை உள்ளடக்குகிறதா என்று கேட்டறிய வேண்டும். இவ்விரு வகையிலும் ஆய்வுக் கப்பலே மேல். ஆயினும் முழங்கால் வலியுள்ளவர்களுக்கு, ஆடும் சோடியாக்கில் ஏறி இறங்குவதைவிட ஆற்றங்கரைப் படகுத்துறையே வசதி. செலவில் கினபாத்தாங்கான் மிகக் குறைவு, ஆய்வுக் கப்பல் மிக அதிகம். நடுவிலுள்ள பினிசியின் வாடகை பன்னிரண்டு பேருக்குப் பகிர்ந்தால் தாங்கக்கூடியதே.

என் பரிந்துரை, ஜூன் மாதத்தில் பினிசி. முழங்கால் அறுவை செய்துகொண்ட இருவரும் அவர்களுடைய துணைவர்களும் விரும்பினால், அதே மாதம் கோலாலம்பூர் வழியாகச் சண்டாக்கானுக்குப் பறந்து, சுக்காவில் மூன்று இரவு தங்கட்டும். பண்டாவை மட்டும் என்னால் விட்டுவிட முடியவில்லை. அதற்கு ஆய்வுக் கப்பல்தான் நேர்வழி என்பதால், விரும்புவோர் தனியாகச் சேமிக்கத் தொடங்கலாம். முன்பணம் கட்டுவதற்கு முன் படகுக்காரரிடம் நான் எழுத்தில் கேட்டுப் பெறப்போகும் விவரங்கள் நான்கு: ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு மேலங்கி உண்டா, வானொலித் தொடர்பு வேலை செய்கிறதா, இரவில் விழித்திருக்கும் காவலர் யார், தெராசி இல்லாத சம்பாலுக்குத் தனி அம்மி இருக்கிறதா.