முதலாளியே கோச்சாக இருக்கலாமா?

1999 மே 8. இங்கிலாந்து லீக் கால்பந்தின் நான்காவது அடுக்கில் சீசனின் கடைசி நாள். கேம்பிரிட்ஜ் யுனைடெட்டை 1-0 என்று வென்று பிரென்ட்ஃபோர்ட் சாம்பியன் ஆகிறது. அதன் மேனேஜர், அதாவது தலைமைக் கோச், ரான் நோட்ஸ். கிளப்பின் உரிமையாளரும் அவரேதான். அதே நாள், அதே பிரிவு. கார்லைல் யுனைடெட் லீக்கை விட்டே வெளியேறும் விளிம்பில் நிற்கிறது. ஆட்டம் முடியச் சில நொடிகள் இருக்கும்போது கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ் எதிரணியின் கோல் வரை ஓடிப்போய் அடித்த கோல்தான் அந்தக் கிளப்பைக் காப்பாற்றுகிறது. கார்லைலின் உரிமையாளர் மைக்கேல் நைட்டன். 1997 செப்டம்பரில் கோச்சை நீக்கிவிட்டு அணியைத் தன் கைக்குள் கொண்டுவந்தவர். அந்த சீசன் முடிவில் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. ஜிம்மி கிளாஸ் கோல் அடித்தபோது பயிற்சிப் பொறுப்பில் வேறொருவர் இருந்தார், ஆனால் சரிவு தொடங்கியது அந்த 1997-ல்தான்.

இரண்டு கிளப்பும் 1998-ல் ஒன்றாகக் கீழே இறங்கியவை. இரண்டிலும் முதலாளியே அணியைக் கையில் எடுத்தார். ஒருவர் கோப்பையோடு நின்றார், மற்றவரின் கிளப் மயிரிழையில் தப்பியது. அதனால் இந்த விவாதத்தில் யார் எந்தப் பக்கம் நின்றாலும் கைவசம் ஓர் உதாரணம் கிடைத்துவிடும். உதாரணத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. எது எதனால் நடந்தது என்று பார்க்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வேலையும் இரண்டு பேரிடம் இருப்பதே நல்லது. ஆனால் அதற்கு நான் சொல்லும் காரணம் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இல்லை. 'முதலாளிக்குக் கால்பந்து தெரியாது' என்பார்கள். பலருக்கு நன்றாகவே தெரியும். தெரியாவிட்டாலும் தெரிந்த உதவியாளர்களை வைத்துக்கொள்ளலாம். நோட்ஸ் அதைத்தான் செய்தார். ரே லெவிங்டன், டெரி புல்லிவன்ட் என்ற இரண்டு அனுபவசாலிகள் அவருடன் இருந்தார்கள். பிரச்சினை அறிவில் இல்லை. கோச் தவறு செய்யும்போது அவரை நிறுத்த யார் இருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

நீக்குவதற்கு ஒருவர் வேண்டும்

லண்டனின் செல்ஸி கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமன் அப்ரமோவிச் 2003 முதல் 2022 வரை அதன் உரிமையாளர். கோச்சுகளை அடிக்கடி மாற்றுகிறார் என்று அவரைத் திட்டாத ரசிகர் குறைவு. ஆனால் அவர் காலத்தில் அந்தக் கிளப் வென்ற இரண்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளையும் பாருங்கள். 2012 மார்ச்சில் வில்லாஸ்-போவாஸை நீக்கி டி மத்தேயோவிடம் அணியைக் கொடுத்தார்கள். மே மாதம் கோப்பை வந்தது. 2021 ஜனவரியில் ஃபிராங்க் லாம்பார்டை நீக்கி தாமஸ் டூஹலைக் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டும் கோப்பை வந்தது. லாம்பார்ட் சாதாரண ஆள் இல்லை, அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர். அவரை வெளியே அனுப்புவது யாருக்கும் கசப்பான முடிவாகத்தான் இருந்திருக்கும். அந்த முடிவை எடுக்க, டச்லைனில், அதாவது கோச் நிற்கும் ஆடுகள ஓரத்தில், நிற்காத ஒருவர் தேவைப்பட்டார்.

அப்ரமோவிச்சே கோச்சாக இருந்திருந்தால்? ஜனவரியில் அணி தள்ளாடும்போது யார் யாரை நீக்குவது? மனிதன் தன்னையே வேலையை விட்டு அனுப்புவது லேசில் நடக்காது. 'இன்னும் இரண்டு ஆட்டம் பார்ப்போம்' என்று தோன்றிக்கொண்டே இருக்கும். சீசன் முடிந்துவிடும்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது, அதுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் நீக்க மட்டுமல்ல, பொறுத்துக்கொள்ளவும் தேவை. நோட்ஸின் அதே பிரென்ட்ஃபோர்டுக்குப் பிற்காலத்தில் உரிமையாளராக வந்தவர் மாத்யூ பென்ஹாம். புள்ளிவிவரங்களைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் கோச் வேலையில் உட்காரவில்லை. 2018 அக்டோபரில் தாமஸ் ஃபிராங்க் பொறுப்பேற்றதும் முதல் பத்து ஆட்டங்களில் எட்டில் தோற்றார். அரங்கத்தில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அணி ஆடும் விதத்தை ஸ்கோரிலிருந்து பிரித்துப் பார்க்கப் பழகியவர் பென்ஹாம், ஃபிராங்கை வைத்துக்கொண்டார். 2021-ல் பிரென்ட்ஃபோர்ட் பிரீமியர் லீக்குக்கு ஏறியது. 1947-க்குப் பிறகு முதன்மைப் பிரிவில் அவர்கள் ஆடுவது அதுவே முதல்முறை.

தோல்வியின் சூட்டில் நிற்கிற கோச்சுக்கு அந்த நிதானம் வராது. குற்றம் சொல்லவில்லை, வர முடியாது. அன்று காலை பயிற்சி கொடுத்தவர் அவர், பதினொரு பேரைத் தேர்ந்தவர் அவர், தொண்ணூறு நிமிடம் கத்தியவர் அவர். அவரே அன்றிரவு உரிமையாளராக உட்கார்ந்து 'திட்டம் சரி, விளைவு மட்டும்தான் சரியில்லை' என்று முடிவு செய்தால், அது தெளிவா, தன் தவறை மூடிக்கொள்வதா என்று அவருக்கே தெரியாது.

வாங்கியவரே ஆடவைத்தால்

அடுத்தது பணம். பெரிய தொகை கொடுத்து ஒரு ஸ்ட்ரைக்கரை வாங்குகிறார்கள். மூன்று மாதம் ஆகியும் கோல் இல்லை. தனி கோச் என்றால் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அகாடமிப் பையனை இறக்குவார். உரிமையாளர் முகம் சுளிப்பார், ஆனால் பையன் கோல் அடித்தால் வாயை மூடிக்கொள்வார். இருவரும் ஒருவரே என்றால், பெஞ்சில் உட்காருவது ஆட்டக்காரர் மட்டுமல்ல, அவர் போட்ட பணமும்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர் எந்தத் துறையிலும் உண்டு, இங்கே அந்த முயல் ஒவ்வொரு வாரமும் முதல் பதினொன்றில் ஆடும்.

டிரெஸ்ஸிங் ரூமிலும் இதே சிக்கல். இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. சாதாரண கிளப்பில் ஆட்டக்காரருக்கு இரண்டு கதவுகள் உண்டு. கோச் ஒதுக்குகிறார் என்றால் நிர்வாகத்திடம் போகலாம். சம்பளம் தாமதமானால், ஒப்பந்தம் இழுபட்டால் கோச்சிடம் போகலாம். அவர் ஆட்டக்காரர் பக்கம் நின்று நிர்வாகத்தோடு சண்டை போடுவார், அந்தச் சண்டையில்தான் பல கோச்சுகள் அணியின் மனதைப் பிடிக்கிறார்கள். முதலாளியே கோச் என்றால் ஒரே கதவு. தொடையில் பிடிப்பு இருக்கிறது என்று ஆட்டக்காரர் சொல்ல வேண்டியதும் அவரிடம்தான், அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியவரும் அவர். இந்த நிலையில் எத்தனை பேர் வலியை மறைப்பார்கள்? 'இந்த ஃபார்மேஷன் சரிவரவில்லை' என்று கேப்டன்கூடத் தயங்கித்தான் சொல்வார்.

அப்படியானால் ஹாஜி?

இத்தனையும் சொன்ன பிறகு ஜியார்ஜி ஹாஜியை எங்கே வைப்பது? ருமேனியாவின் தலைசிறந்த ஆட்டக்காரர். 2009-ல் விடோருல் கோன்ஸ்தான்த்சா என்ற கிளப்பைத் தொடங்கினார், 2014 முதல் அதன் கோச்சும் அவரே. அகாடமியில் வளர்த்த இளைஞர்களை நம்பி 2016-17-ல் லீக்கை வென்றார். 2019-ல் ருமேனியக் கோப்பை. பிறகு 2021-ல் அந்தக் கிளப் ஃபாருலுடன் இணைந்தது, 2022-23-ல் அங்கேயும் லீக் பட்டம்.

தன் மகன் யானிஸையும் அவர் அணியில் ஆடவைத்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று யாரும் சொல்லியிருக்கலாம். ஆனால் யானிஸ் அங்கிருந்து 2019-ல் பெல்ஜியத்தின் ஜென்க் கிளப்புக்குப் போனார், ருமேனியத் தேசிய அணியிலும் ஆடினார். தேர்வு தவறில்லை.

ஹாஜி இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அவர் கோச்சாக இருந்துகொண்டே முதலாளியாக இருந்ததுதான். பதினெட்டு வயதுப் பையன்களை இறக்கி நான்கு ஆட்டம் தோற்றால் சாதாரண கோச்சுக்கு வேலை போகும். அதனால் அவர் முப்பது வயதுக்காரர்களையே நம்புவார். வேலை போகாது என்ற நிச்சயம் உள்ளவரால்தான் பொறுமையாகப் பயிரிட முடியும். தனித்தனியாக வைக்கும் முறையில் எல்லாக் கோச்சுக்கும் ஒரு பென்ஹாம் கிடைப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் முதலாளி-கோச் முறை மற்றதை வெல்கிறது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் ஹாஜி கோச்சாகிவிட்ட பணக்காரர் இல்லை. கால்பந்துக்காரர், தான் வேலை செய்ய ஒரு கிளப்பைக் கட்டிக்கொண்டவர். அமெரிக்கக் கால்பந்தின் ஜார்ஜ் ஹாலஸும் அதே ரகம். சிகாகோ பேர்ஸ் அணியைத் தொடக்கத்தில் ஆட்டக்காரராக, கோச்சாக, உரிமையாளராக ஒரே நேரத்தில் சுமந்தவர். நாற்பது சீசன் கோச், ஆறு சாம்பியன் பட்டங்கள். 1932-ல் ரால்ஃப் ஜோன்ஸ் என்ற கோச் பட்டம் வென்று கொடுத்தார், ஆனால் பொருளாதார வீழ்ச்சியில் கிளப்புக்கு நஷ்டம். கோச் சம்பளத்தை மிச்சம் பிடிக்க 1933-ல் ஹாலஸே மறுபடி பொறுப்பேற்றார். அந்த ஆண்டும் பட்டம். அந்தக் காலத்தில் இது ஆசையால் வந்த முறை இல்லை, கையில் காசில்லாததால் வந்த முறை. இன்று ஒரு பெரிய கிளப்பில் அந்தக் காரணம் செல்லாது.

பேஸ்பாலில் கானி மேக்கையும் நினைத்துப் பார்க்கிறேன். பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணியை 1901 முதல் 1950 வரை ஐம்பது சீசன் நடத்தியவர், பங்குதாரரும் அவர். அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் ஐந்து பட்டங்கள். பெரிய மனிதர், ஐயமே இல்லை. ஆனால் கடைசிப் பட்டம் 1930. அதன்பின் இருபது ஆண்டு அவரே மேனேஜர், அதில் பெரும்பாலான ஆண்டுகள் அணி அட்டவணையின் அடியில். சொந்த அணியிலிருந்து அவரை அனுப்ப யாரும் இல்லை.

திரைக்குப் பின்னால்

சரி, தனித்தனியாக வைத்தால் எல்லாம் தீர்ந்ததா? இல்லை. மூன்றாவது ஒரு வகை இருக்கிறது, எனக்கு இதுதான் மிக மோசமாகத் தெரிகிறது. பெயருக்குக் கோச் ஒருவர், அணியைத் தேர்வது முதலாளி.

ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் கிளப்பில் 2005-ல் இது நடந்தது. லிதுவேனியத் தொழிலதிபர் விளாதிமிர் ரோமனோவ் வாங்கிய பிறகு, கோச் ஜார்ஜ் பர்லியின் கீழ் அணி லீக்கில் தோல்வியே காணாமல் முதலிடத்தில் இருந்தது. அந்த அக்டோபரிலேயே பர்லி வெளியேறினார். பின்வந்தவர்கள் காலத்தில் அணித் தேர்வு மேலிருந்து வருகிறது என்று வெளிப்படையாகவே பேசப்பட்டது. 2006 அக்டோபரில் கேப்டன் ஸ்டீவன் பிரெஸ்லி, பால் ஹார்ட்லி, கிரெய்க் கார்டன் மூவரும் செய்தியாளர்கள் முன் உட்கார்ந்து டிரெஸ்ஸிங் ரூமில் அமைதி இல்லை என்று அறிவித்தார்கள். சில மாதங்களில் பிரெஸ்லி கிளப்பில் இல்லை. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: 2006-ல் அந்த அணி ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது, லீக்கில் இரண்டாவது வந்தது. ஆனால் பர்லி வைத்துவிட்டுப் போன இடம் முதலிடம்.

ருமேனியாவில் எஃப்சிஎஸ்பி கிளப்பின் முதலாளி ஜிஜி பெகாலியும் அணித் தேர்வில் தலையிடுவதை மறைக்காதவர். 2016-17-ல் ஹாஜியின் அணியும் இவர் அணியும் சம புள்ளியில் முடித்தன, நேருக்கு நேர் ஆட்டங்களின் அடிப்படையில் பட்டம் ஹாஜிக்குப் போனது. 2022-23-லும் ஹாஜிக்கு அடுத்த இடம்தான். பெகாலியின் அணியும் அதன்பின் 2024, 2025 பட்டங்களை வென்றது, இல்லையென்று சொல்லவில்லை. என் கேள்வி வேறு. தோற்றால் ஹாஜி டச்லைனில் நின்று தோற்றார், பேட்டியில் அவரே பதில் சொன்னார். பின்னாலிருந்து அணியைத் தேர்கிற முறையில், தான் தேராத அணிக்காகக் கோச் பதில் சொல்கிறார், வேலையும் இழக்கிறார். இது நேர்மையில்லாத ஏற்பாடு. தலையிடாமல் இருக்கவே முடியாது என்கிற உரிமையாளர், உரிமம் எடுத்து, டிராக் சூட் போட்டு, மழையில் வந்து நிற்கட்டும். ஐரோப்பாவின் முதன்மை லீக்குகள் தலைமைக் கோச்சுக்கு யூஇஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு) தரும் புரோ உரிமம் கேட்கின்றன. அந்தப் படிப்பை முடிக்கும் பொறுமை இருப்பவரை நான் மதிப்பேன்.

ஆளைத் தேர்வதில் அதிகாரம் யாருக்கு என்பதும் இதே சண்டையின் இன்னொரு முகம். டல்லஸ் கௌபாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியை 1989-ல் வாங்கிய ஜெரி ஜோன்ஸ் கோச்சாக நிற்கவில்லை, பொது மேலாளர் வேலையைத் தானே வைத்துக்கொண்டார். கோச் ஜிம்மி ஜான்சன் அடுத்தடுத்து இரண்டு சூப்பர் பவுல், அதாவது அந்த லீக்கின் இறுதிப் போட்டி, வென்று கொடுத்தார். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியவில்லை, 1994 மார்ச்சில் பிரிந்தார்கள். ஜான்சன் கட்டிய அணியின் வேகத்தில் 1995 சீசனில் இன்னொரு பட்டம் வந்தது. அதன்பின் சூப்பர் பவுல் பக்கமே அந்த அணி போகவில்லை.

இப்போது ஸ்பெயினின் முன்னாள் ஆட்டக்காரர் செஸ்க் ஃபாப்ரகாஸ் இத்தாலியின் கோமோ கிளப்பில் புதிதாக ஒன்றைச் செய்துகாட்டுகிறார். அவர் சிறு பங்குதாரர், கோச்சும் அவரே, ஆனால் கிளப்பின் பெரும்பங்கு வேறொருவர் கையில். கிளப்பின் எதிர்காலத்தில் அவருக்குச் சொந்த அக்கறை இருக்கிறது, அவரை நீக்கும் அதிகாரமும் மேலே ஒருவரிடம் இருக்கிறது. 2024-ல் இத்தாலியின் முதன்மைப் பிரிவான சீரி ஆ-வுக்கு ஏறிய அணி, அடுத்த சீசனில் பத்தாவது இடம். ஒரு கிளப்புக்கு உரிமையாளராகவும் கோச்சாகவும் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்றால், நான் கேட்பது இந்த அளவுதான்: நாற்பத்தொன்பது சதவீதத்துக்குக் கீழே நில்லுங்கள், மிச்சம் உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரிடம் இருக்கட்டும்.

நோட்ஸ் கதையின் மீதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2000 நவம்பரில் எஃப்ஏ கோப்பையில் லீக் பிரிவிலேயே இல்லாத கிங்ஸ்டோனியனிடம் பிரென்ட்ஃபோர்ட் தோற்றது. நோட்ஸ் மேனேஜர் பொறுப்பிலிருந்து விலகி, லெவிங்டனிடம் அணியைக் கொடுத்தார்.