ஏ.ஆர்-15 லோயர்: பெயருக்காகக் காசு கொடுக்க வேண்டுமா?

ஏ.ஆர்-15 ரைஃபிள் ஒன்றை உதிரி உதிரியாக வாங்கிச் சேர்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, எந்தக் கம்பெனி லோயர் (ட்ரிகரும் மேகசினும் உட்காரும் கீழ்ப்பாதி) வாங்கலாம் என்றுதான். குண்டு பாயும் குழலான பேரலைப் பற்றி அப்புறம்தான் கேட்பார்கள், சிலர் கேட்கவே மாட்டார்கள். நான் ஒஹாயோவில் இருக்கிறேன், சர்வீஸ் ரைஃபிள் போட்டிகளுக்குப் போகிறவன். 200 கெஜத்தில் நின்றும் உட்கார்ந்தும், 300-லும் 600-லும் படுத்துக்கொண்டும் காகித இலக்கைச் சுடுகிற ஆட்டம் அது. என்னிடம் இருக்கும் இரண்டு லோயர்களில் ஒன்று மலிவிலும் மலிவு, கென்டக்கியில் ஆண்டர்சன் கம்பெனி செய்தது. இன்னொன்று சின்னக் கம்பெனி ஒன்று பில்லெட்டில், அதாவது முழு அலுமினியக் கட்டியில், கடைந்து கொடுத்த, பார்க்கவே பளபளக்கும் சமாச்சாரம். ஒரே அப்பரை (பேரல் இருக்கும் மேல்பாதி) இரண்டிலும் மாற்றி மாற்றிப் பொருத்தி பல சீசன் ஓட்டியாகிவிட்டது. இலக்கில் விழும் ஓட்டையைப் பார்த்து எந்த லோயர் என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும்தான். அதற்காகப் பிராண்டே பொருட்டில்லை என்றும் சொல்லிவிட மாட்டேன்.

முதலில், இலக்கில் ஏன் வித்தியாசம் தெரிவதில்லை என்பதைப் பார்த்துவிடலாம். ஏ.ஆர்-இல் தோட்டா வெடிக்கும்போது வரும் அழுத்தத்தை ரிசீவர் (அப்பரும் லோயரும் சேர்ந்த உடல்) தாங்குவதே இல்லை. தோட்டாவின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டின் பற்கள் பேரலின் பின்னால் இருக்கும் பேரல் எக்ஸ்டென்ஷனுக்குள் போய்ப் பூட்டிக்கொள்கின்றன, ஆக எஃகும் எஃகும் தங்களுக்குள் அந்த வேலையை முடித்துக்கொள்கின்றன. அலுமினியத்தில் ரிசீவர் செய்ய முடிந்ததே அதனால்தான். பேரல் அப்பரில் இருக்கிறது, ஸ்கோப்பும் அப்பரில்தான் இருக்கிறது. லோயர் ட்ரிகரைப் பிடித்துக்கொள்கிறது, தோட்டாப் பெட்டியான மேகசினைப் பிடித்துக்கொள்கிறது, பின்னால் உதைப்பை வாங்கும் பஃபர் குழாயையும் தோளில் வைக்கும் ஸ்டாக்கையும் தாங்குகிறது, அவ்வளவுதான். அப்பருக்கும் லோயருக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் இருந்தால் கையில் எடுத்ததுமே மனசு சங்கடப்படும், கடைக்காரர்களும் அதை ஆட்டிக் காட்டித்தான் விலை உயர்ந்ததை விற்பார்கள். என் ஆண்டர்சன் நன்றாகவே ஆடும். ஸ்கோப்பும் பேரலும் சேர்ந்தேதான் ஆடுகின்றன என்பதால் இலக்கில் அது தெரிந்ததில்லை.

பிறகு ஏன் எல்லோரும் லோயரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் என்றால், அமெரிக்கச் சட்டப்படி துப்பாக்கி என்பதே அந்த லோயர்தான். சீரியல் நம்பர் அதில்தான் இருக்கும். பேரல், ட்ரிகர், அப்பர் எல்லாம் வெறும் உதிரிபாகம். வெறும் லோயர் வாங்கக்கூட உரிமம் பெற்ற டீலரிடம் போய் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் கையில் கிடைக்கும். முழு ரைஃபிளை டீலரிடம் 18 வயதில் வாங்கலாம், வெறும் லோயருக்கு 21 ஆக வேண்டும், இது பலருக்குத் தெரிவதில்லை. நம் ஆட்களுக்கு இன்னொன்று: கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம், ஹெச்-1பி மாதிரி விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தடை உண்டு, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளைத் தவிர. மாநிலச் சட்டம் தனி. வாஷிங்டன் மாநிலம் 2023-இல் இந்த வகை ரைஃபிள் விற்பனையையே நிறுத்திவிட்டது. நாடு முழுக்கப் பேர்வாங்கிய லோயர்களைச் செய்கிற ஏரோ பிரிசிஷன் வளர்ந்ததே அந்த மாநிலத்தில்தான் என்பது தனி வேடிக்கை.

சரி, இத்தனை பெயர்கள் எங்கிருந்து வந்தன? ஆர்மலைட்டில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்ததை 1959-இல் கோல்ட் வாங்கியது. காப்புரிமை 1977-இல் முடிந்தது, அதன் பிறகு யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிட்டது. ஆனால் அலுமினியத்தை அடித்து லோயர் வடிவத்துக்குக் கொண்டுவரும் பெரிய ஃபோர்ஜிங் ஆலைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் இருக்கின்றன. லோயரின் உடம்பில் சாவித் துவாரம் மாதிரி ஒரு சின்னக் குறி இருந்தால் அது செர்ரோ ஃபோர்ஜ் அடித்தது. அந்தக் குறியை மலிவான லோயரிலும் பார்க்கலாம், விலை கூடியதிலும் பார்க்கலாம். இரண்டும் 7075-டி6 அலுமினியம்தான். ஒரே ஆலை அரிசியை நாலு பெயரில் மூட்டை கட்டி விற்கிற கதை. அதை வாங்கி சி.என்.சி எந்திரத்தில் துளை போட்டு, உள்ளே குடைந்து, ஹார்டுகோட் ஆனோடைசிங் என்கிற கெட்டி மேற்பூச்சு செய்வதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதையுமே ஒருவர் இன்னொருவருக்குச் செய்து கொடுப்பது உண்டு, ஏரோவே மற்றவர்கள் பெயரில் நிறையச் செய்து கொடுத்திருக்கிறது. லோகோவை மட்டும் பார்த்து உள்ளே யார் கை பட்டது என்று சொல்லிவிட முடியாது.

ஆண்டர்சனைப் பற்றி: சின்சினாட்டி விமான நிலையம் இருக்கிற அதே ஹெப்ரான் ஊரில் செய்தது. தள்ளுபடியில் 50 டாலருக்குள் விற்ற காலம் உண்டு. லோகோவில் குதிரை இருப்பதால் ஏழைகளின் குதிரைக்குட்டி என்கிற அர்த்தத்தில் கேலிப் பெயரும் உண்டு. என்னுடையதில் ஆனோடைசிங் நிறம் அப்பரோடு ஒத்துப்போகாது, வெயிலில் பார்த்தால் கொஞ்சம் ஊதா அடிக்கும். மேகசின் கிணற்றின் (மேகசின் நுழையும் குழி) உள்ளே கருவி ஓடிய கோடுகள் அப்படியே தெரியும். துளைகள் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. ட்ரிகர் பின், அது விடுவிக்கும் சுத்தியலான ஹேமரின் பின் இரண்டும் 0.154 அங்குலம், விரலால் தள்ளினால் லேசாக எதிர்த்துவிட்டு உள்ளே போகும், அந்த லேசான எதிர்ப்புதான் நமக்கு வேண்டியது. கெய்சலி கம்பெனியின் இரண்டு கட்ட ட்ரிகர் போட்டேன். ஒஹாயோவில் தேசியப் போட்டிகள் நடக்கும் கேம்ப் பெரியில் எடை பார்க்கும் மேசையில் ரைஃபிளை நிமிர்த்திப் பிடித்து ட்ரிகரில் 4.5 பவுண்டு எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள், ஹேமர் விழக்கூடாது. எடை தரையைவிட்டு எழும்புகிற அந்த நொடியில் யாராக இருந்தாலும் வயிற்றைக் கொஞ்சம் பிசையும். ஆண்டர்சன் லோயரோடு போய் ஒருமுறைகூட அங்கே திரும்பி வரச் சொன்னதில்லை. தேய்மானம் என்று பார்த்தால் மேகசின் உரசும் இடத்திலும் அப்பரையும் லோயரையும் பூட்டும் டேக்டவுன் பின் துளையின் ஓரத்திலும் வெள்ளி தெரிகிறது, வேறொன்றும் இல்லை.

பில்லெட் லோயர்தான் தலைவலி கொடுத்தது, கம்பெனி பெயர் வேண்டாம். ஆண்டர்சனைப் போலப் பல மடங்கு விலை. அப்பரோடு பொருத்தினால் ஒரு மயிரிழைகூட ஆடாது, டேக்டவுன் பின்னைத் தள்ள ஆரம்பத்தில் மரக் குச்சி வேண்டியிருந்தது. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் மேகசின் கிணறும் அதே பெருமையில் இறுக்கமாகக் குடையப்பட்டிருந்தது, பொத்தானை அழுத்தினால் மேகசின் தானாக விழாது, பிடித்து இழுக்க வேண்டும். சும்மா ரேஞ்சில் பொழுது போக்குகிறவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. உட்கார்ந்து சுடும் ரேபிட் சுற்றில் 60 வினாடிக்குள் 10 தோட்டா, நடுவில் மேகசின் மாற்ற வேண்டும். ஸ்லிங் வாரை இறுக்கிய கை அசையக்கூடாது, மற்றக் கையால் மேகசினை உருவி எறிந்து, அடுத்ததைச் செருகி, மூச்சைப் பிடித்து மறுபடி மையத்தைத் தேட வேண்டும் என்றால் அந்த இரண்டு வினாடி எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கேதான் பிராண்டு உள்ளே வருகிறது. பேரல் சரியில்லை என்றால் வேறு பேரல், ட்ரிகர் சரியில்லை என்றால் வேறு ட்ரிகர். லோயர் சரியில்லை என்றால் அது சீரியல் நம்பர் உள்ள துப்பாக்கி, தயாரித்தவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். சரிசெய்ததையோ மாற்றாக வேறொன்றையோ அவர்கள் நேராக நம் வீட்டுக்கே அனுப்பலாம், திரும்ப டீலரிடம் போக வேண்டியதில்லை, அந்த வசதியைச் சட்டம் தருகிறது. ஆனால் போன் எடுக்க ஆள் வேண்டுமே. என் கேஸில் மின்னஞ்சலுக்குப் பதில் வரவே வாரக்கணக்கானது, எல்லா மேகசினும் அப்படித்தான் இருக்கும் என்று முதலில் வாதாடிவிட்டு, பிறகு லோயரை வாங்கிக் கிணற்றைச் சரிசெய்து அனுப்பினார்கள். இப்போது நன்றாக விழுகிறது. பெரிய கம்பெனி என்றால் இந்த வேலை எளிதாக முடிந்திருக்கும், ஏரோவோ பால்மெட்டோவோ ஒரு நாளில் எத்தனையோ லோயர் அனுப்புகிறவர்கள், ஒன்றை மாற்றிக் கொடுப்பது அவர்களுக்குக் கணக்கிலேயே வராது. பெரிய பெயரும் நிரந்தரம் இல்லைதான். ரெமிங்டன் 2018-இலும் 2020-இலும் திவாலாகித் துண்டு துண்டாக விற்கப்பட்டது, ஆண்டர்சனின் ஆலையையே 2025-இல் ரூகர் வாங்கிவிட்டது.

விற்கும்போது கோல்ட்டின் குதிரை முத்திரைக்குக் கூடுதலாகக் கிடைக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் பழைய கோல்ட் வாங்குகிறவர்கள் பின் துளையை அளந்துவிட்டு வாங்குங்கள், சில காலம் அவர்கள் பெரிய பின் போட்டார்கள், இன்றைய ட்ரிகர் அப்படியே உள்ளே போய் உட்காராது.

காசு எங்கே போக வேண்டும் என்று என்னைக் கேட்டால் பேரல், போல்ட், ட்ரிகர், தோட்டா, இந்த வரிசை. கிரீகர், பார்ட்லைன் மாதிரிப் பேரல்கள், வைட் ஓக் கட்டிக் கொடுக்கிற அப்பர், போட்டியில் பக்கத்து ஆள் விசாரிப்பதும் இதைத்தான். 600 கெஜத்தில் மேகசினுக்குள் அடங்காத நீளமுள்ள 80 கிரெய்ன் எடைக் குண்டு வைத்த தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுடும்போது, மேகசின் கிணறு யார் செய்தது என்ற கேள்விக்கு அங்கே வேலையே இல்லை. 4,000, 5,000 தோட்டாவுக்கு மேல் பேரலின் தொண்டை தேய்ந்து புள்ளிகள் பரவ ஆரம்பிக்கும், அப்போது புதுப் பேரலுக்குக் காசு வேண்டும். லோயரில் மிச்சம் பிடித்த காசு அதற்குத்தான். அப்பர் கொஞ்சம் வேறு விஷயம், அதன் முகப்பு நேராக இருக்க வேண்டும், பேரல் எக்ஸ்டென்ஷன் இறுக்கமாக உட்கார வேண்டும். அங்கே பி.சி.எம் மாதிரி, சூடாக்கினால்தான் பேரல் உள்ளே போகும் அளவுக்கு இறுக்கமாகச் செய்கிற ஆட்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பில்லை.

இது எல்லாம் சின்ன ஃபிரேம் ஏ.ஆர்-15-க்கு மட்டும். ரெமிங்டன் 700 மாதிரி போல்ட் ஆக்ஷன் என்றால் போல்ட்டின் பற்கள் ரிசீவருக்குள்ளேயே பூட்டுகின்றன, அங்கே ரிசீவர்தான் துல்லியத்தின் பாதி, பெயர் பார்த்து வாங்கலாம். .308-க்குப் பெரிய ஃபிரேம் கட்டப் போகிறவர்களும் கவனம்: ஏ.ஆர்-15 மாதிரி அங்கே எல்லோருக்கும் பொதுவான அளவு கிடையாது. டி.பி.எம்.எஸ் வகை, ஆர்மலைட் வகை என்று ஆரம்பத்திலேயே பிரிந்துவிட்டது, டி.பி.எம்.எஸ் வகைக்குள்ளேயே அப்பரின் பின்பக்க உயரம் மாறும். இரண்டு கம்பெனியின் பாதிகள் சேராமல் நிற்கும். அதற்கு மட்டும் அப்பரையும் லோயரையும் ஒரே கம்பெனியில், முடிந்தால் ஜோடியாகவே வாங்கிவிடுங்கள்.