வடசேரி சரக்கு முகவர்: எங்கள் வில்லிசைக் குழுவின் அனுபவம்

சிங்கப்பூர் நிகழ்ச்சிக்கு வில், உடுக்கை, குடம் ஆகியவற்றோடு, விற்பதற்காக 200 பனியன்களையும் பாடல் பென்டிரைவ்களையும் கொண்டுசென்ற எங்களுக்கு, நாகர்கோவில் வடசேரியிலுள்ள சரக்கு முகவர் ஒருவர் ஆவணங்களைத் தயாரித்துக் கொடுத்தார். திரும்பக் கொண்டுவரும் கருவிகளுக்கு மட்டுமே, ஃபிக்கி (இந்திய வணிக, தொழில் சபைகளின் கூட்டமைப்பு) வழங்கும் ஏடிஏ கார்னெட் என்ற, சுங்க வரியின்றித் தற்காலிகமாகப் பொருள்களைக் கொண்டுசெல்வதற்கான ஆவணம் பொருந்தும் என்றும், விற்பனைப் பொருள்களை அதில் சேர்க்கவே கூடாது என்றும், அவற்றுக்குத் தனி விலைப்பட்டியலும் அங்கே சுங்க அனுமதியும் 9 சதவீத சரக்கு சேவை வரியும் உண்டு என்றும் அவர் பொறுமையாக விளக்கியது பேருதவி. மண்குடத்தின் உள்ளே பழைய வேட்டியைத் திணித்து, வைக்கோல் சுற்றி, மரப்பெட்டியில் அடைத்த கைநேர்த்தியால் அது கீறலின்றித் திரும்பியது. பென்டிரைவ் எண்ணிக்கையைப் பட்டியலில் தவறாக எழுதியதுதான் குறை. திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவதற்கு முந்தைய இரவில்தான் அதைக் கண்டுபிடித்தோம். கட்டணம் நியாயமானது.