கல்லா கெட்டி, செக் கோளாறு: ஒரு கணக்கு சாஃப்ட்வேருடன் சில வருஷம்

கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பன் ஒருவன், எங்கள் மண்டியில் ஓடும் கணக்கு சாஃப்ட்வேரின் சந்தா இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, "மாப்ள, வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லு" என்று கேட்டான். ஒரே வார்த்தையில் வராது. பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை, ஏன் என்பது படித்தால் தெரியும். பில், ஜிஎஸ்டி, ஸ்டாக் எல்லாம் எல்லாரிடமும் இருப்பதுபோல இதிலும் இருக்கிறது, குறையில்லை. நான் பேச வந்தது கணக்கு வருஷம் முடிகிற மார்ச் 31-ஐப் பற்றி மட்டும்.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ரொக்க விஷயத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. கைரொக்கம் மைனஸில் போகிற மாதிரி ஒரு வவுச்சர் போட்டால், அங்கேயே நிறுத்தி எந்தத் தேதியில் இடிக்கிறது என்று காட்டும். கல்லாவில் இல்லாத காசை யாரும் எடுத்துக் கொடுக்க முடியாது, அதனால் கணக்கில் மைனஸ் வந்தால் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். பேங்கில் எடுத்த பணத்துக்குக் காண்ட்ரா (பேங்குக்கும் கல்லாவுக்கும் இடையே பணம் மாறியதற்கான பதிவு) போட்டிருக்க மாட்டார்கள், அல்லது முதலாளி சொந்தப் பையிலிருந்து கொடுத்துவிட்டுச் சொல்லியிருக்க மாட்டார். இதை ஜூலையில் ஆடிட்டர் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் கேட்பதைவிட அன்றைக்கே தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அதைச் செலவாகக் கழிக்க விடமாட்டார்கள் அல்லவா, அதற்கும் மஞ்சள் கட்டம் காட்டும். இதில் எனக்கு நிஜமாகவே பிடித்தது, லாரிக்காரருக்கான வரம்பு 35,000 என்று அதற்குத் தனியாகத் தெரியும். சேலத்தில் லாரி வாடகை இல்லாத மண்டி ஏது? முன்பு வைத்திருந்த சாஃப்ட்வேர் ஒவ்வொரு லோடுக்கும் கத்தும், கடைசியில் எச்சரிக்கையையே அணைத்துவிட்டோம்.

மார்ச் 31 ராத்திரி ஐந்நூறு எத்தனை, இருநூறு எத்தனை, சில்லறை எவ்வளவு என்று நிரப்ப ஒரு பக்கம் வரும். எண்ணி, பிரிண்ட் எடுத்து, முதலாளி கையெழுத்துப் போட்டால் ஆடிட்டருக்கு வேண்டியது தயார். ஏப்ரல் 1 பேங்க் ஆண்டுக் கணக்கு முடிப்பதால் நமக்கு பேங்க் லீவு. ஆகவே அந்தக் கல்லாக் காசு மார்ச் முடிவில் கைரொக்கமாகவே நிற்க வேண்டும், கட்டுகிற அன்றைக்குத்தான் காண்ட்ரா. இதையும் சரியாகச் செய்கிறது.

இப்போது செக்.

வருஷக் கடைசியில் செக் மூன்று விதமாக மாட்டும். நாம் கொடுத்து பார்ட்டி இன்னும் பேங்கில் போடாதது, நாம் போட்டு இன்னும் வரவாகாதது, ஏப்ரல் தேதி போட்டு மேஜை டிராயரில் கிடப்பது. மூன்றாவதை அழகாகக் கையாள்கிறது: பின்தேதி செக்கைத் தனியே நிறுத்தி, பார்ட்டியின் பாக்கியை அப்படியே காட்டும், பேங்க் இருப்பில் சேர்க்காது. முதல் இரண்டில்தான் எனக்கு ஒவ்வொரு ஏப்ரலும் ரத்தக் கொதிப்பு.

சும்மா ஒரு கணக்குக்கு: மார்ச் 31-இல் நம் புத்தகப்படி பேங்கில் 3,12,000. நாம் கொடுத்த 85,000, 40,000 செக்குகள் இரண்டும் இன்னும் போகவில்லை, நாம் போட்ட 60,000 இன்னும் வரவில்லை. 1,25,000 கூட்டி 60,000 கழித்தால் 3,77,000, பேங்க் ஸ்டேட்மெண்டிலும் அதுவே இருக்கிறது. பி.ஆர்.எஸ். (நம் புத்தகத்தையும் பேங்க் ஸ்டேட்மெண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கிற பட்டியல்) டாலி, சந்தோஷம். வருஷத்தை மூடு என்று பட்டனை அழுத்துகிறோம். புது வருஷத்துக்கு 3,12,000 என்ற ஒற்றை எண் மட்டும் ஓப்பனிங் பேலன்ஸாகப் போகிறது, அந்த மூன்று செக்கும் பழைய வருஷத்திலேயே புதைந்துவிடுகின்றன. ஏப்ரல் ஸ்டேட்மெண்டை ஏற்றினால் 85,000 பற்று வந்து நிற்கும், ஜோடி சேர ஆளிருக்காது. உடனே சாஃப்ட்வேர் மிகுந்த அக்கறையோடு, 'விடுபட்ட வவுச்சர், புதிதாகப் போடவா?' என்று கேட்கும். புதிதாக வேலைக்கு வந்த பையன் 'ஆம்' என்று தட்டினால் முடிந்தது கதை. அதே பார்ட்டிக்கு இரண்டு முறை பணம் கொடுத்த கணக்கு, பேங்க் இருப்பில் 85,000 குறைவு, பார்ட்டி லெட்ஜரில் நாம் அட்வான்ஸ் கொடுத்தது போல ஒரு பொய்.

எங்களுக்கு இது பெரிதாக வலிக்கக் காரணம் ஏற்காடு. மிளகு வாங்கிய வகையில் மார்ச்சில் எங்கள் செக் நிறைய மலை ஏறும். கூரியரில் போகாது, யாராவது மேலே போகும்போது கொண்டுபோய்க் கொடுப்பார்கள், வாங்கியவர் பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடுவார். ஏற்காட்டிலேயே பேங்க் இருக்கிறதுங்க, ஆனாலும் சிலர் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வருகிற அன்றைக்குத்தான் போடுவார்கள். ரிசர்வ் வங்கியின் புது முறைப்படி 2025 அக்டோபர் 4 முதல், போட்ட செக் அன்று சாயங்காலத்துக்குள் பாஸா ரிட்டர்னா என்று தெரிந்துவிடுகிறது, நம் வரவு செக் பிரச்சினை பாதி தீர்ந்தது. போடாமலே வைத்திருப்பவரை ரிசர்வ் வங்கி என்ன செய்ய முடியும்?

மூன்று மாதம் தாண்டினால் அந்தச் செக் செல்லாது. அப்போது அந்தத் தொகையைப் புத்தகத்தில் பேங்க் இருப்போடு திரும்பக் கூட்டி, பார்ட்டி பாக்கியைத் திரும்ப உயிர்ப்பிக்க வேண்டும். (சிலர் அதை 'இதர வருமானம்' என்று எழுதிவிடுகிறார்கள், கடன் அப்படியே இருக்கும்போது வருமானம் எங்கிருந்து வரும்?) பழைய வருஷத்தில் புதைந்த செக்குக்கு இந்தச் சாஃப்ட்வேர் மூன்று மாத நினைவூட்டலும் தராது. நடப்பு வருஷத்துச் செக்குக்கு மட்டும் ஒழுங்காகத் தரும், அதுதான் இன்னும் எரிச்சல்.

உதவி மையத்தில் கேட்டேன். மரியாதையாகப் பேசினார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். "அது டிசைன் சார், பழைய செக்கை நீங்களே ஒவ்வொன்றாகப் புது வருஷத்தில் டைப் பண்ணிக்குங்க" என்றார்கள். டைப் பண்ணினால் இருப்பு மாறும், அதைச் சரிக்கட்ட ஒரு சஸ்பென்ஸ் லெட்ஜர் (எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக நிறுத்தும் கணக்கு) வேண்டும், சஸ்பென்ஸைப் பார்த்தால் ஆடிட்டர் முகம் மாறும். வருஷத்தை மூடாமலே ஓட்டலாம் என்றால் பில் நம்பர் ஒன்றிலிருந்து ஆரம்பிக்காது. ஆகவே இத்தனை வசதியுள்ள சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டு, பாஸாகாத செக்குகளை ஒரு நாற்பது பக்க நோட்டில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். ஏப்ரல் முழுக்க அந்த நோட்டுதான் எங்கள் பி.ஆர்.எஸ்.

பட்டறை நண்பனுக்கு வரவு செலவெல்லாம் அனேகமாக ரொக்கமும் யூபிஐயும்தான், செக் அபூர்வம். அவனுக்கு இது பொருந்தும், ஆனாலும் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன். இந்த வருஷத்து நோட்டு இன்னும் தீரவில்லை, வேறு எப்படிச் சொல்வேன். ஐந்துக்கு இரண்டு. புரட்டாசியில் கேட்டிருந்தால் நாலு போட்டிருப்பேன். எங்கள் முதலாளி விலை குறைந்த அன்றே அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டிவிட்டார்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள், டெமோ காட்ட வருகிற பையனிடம் மார்ச் தேதியில் ஒரு செக் போட்டு, வருஷத்தை மூடி, ஏப்ரலில் அதைப் பாஸ் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். காட்டிவிட்டால் எப்படிச் செய்தான் என்று எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.