ஆர்எக்ஸ் 100-க்கு 58 மி.மீ. பிளாக்: எதை நம்பி வாங்கலாம்?

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ.; கணக்குப்படி 98 சிசி. ஆர்எக்ஸ் 135-க்கும் அதே 50 ஸ்ட்ரோக்தான், போர் மட்டும் 58. அதனால் கிராங்க்கை மாற்றாமலே 132 சிசிக்குப் போகலாம். சிலிண்டரைக் கொஞ்சம் குடைந்து பெரிய பிஸ்டன் போடும் ஓவர்சைஸ் போரிங்கை "சிசி ஏத்துறது" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. ஒரு மி.மீ. முழுதாக ஏற்றினாலும் 102 சிசிதான். தேய்ந்த பிளாக்குக்கு, அதாவது சிலிண்டருக்கு, அது நல்ல வைத்தியம், வேகத்துக்கு அல்ல.

சந்தையில் கிடைப்பது இரண்டு: பழைய ஒரிஜினல் 135 பிளாக், பெயரில்லாத புது 58 கிட். நல்ல பழசு கிடைத்தால் அதையே எடுங்கள். பெயரில்லாத கிட்டில் போர்ட் (சிலிண்டர் சுவரில் காற்றும் புகையும் போய்வரும் துளை) விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பிளேடு மாதிரி கூராக இருந்தால் ரிங் அதில் மாட்டி உடையும். சேம்ஃபர் போடாமல், அதாவது விளிம்பை மழுக்காமல், பூட்டவே கூடாது. பழசில் சைலன்சர் ஸ்டட் மரையைப் பாருங்கள், போர் கேஜ் விட்டு அளங்கள். பிஸ்டன் தலையில் 50 என்று அடித்திருந்தால் 0.50 ஓவர்சைஸ் ஓடியாயிற்று. 59-ஐத் தொட்டுவிட்ட பிளாக்குக்கு ஸ்லீவ் (சிலிண்டரின் உள் உறை) மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கும் முன் ஸ்லீவின் அடிப்பாக வெளிவிட்டத்தையும் கிராங்க்கேஸ் வாயையும் வெர்னியரில் அளங்கள். நுழையாவிட்டால் கேஸைப் பிரித்து லேத்தில் வாயை அகலப்படுத்த வேண்டும். கிராங்க் உள்ளே இருக்க, கையால் ராவுவது கொலைக்குச் சமம். ஒரு துகள் பேரிங்கில் போனால் போதும். பிஸ்டன் பின் தடிமனும் கனெக்டிங் ராடின் சின்ன எண்ட் பேரிங்கும் பொருந்துகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். சர்க்ளிப் எப்போதும் புதுசு.

பலர் கோட்டை விடுவது சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டில். 100-இன் ஹெட்டையே வைத்தால் எரியறை அதே அளவு, மேலே வரும் காற்றோ 35 சதவீதம் அதிகம். கம்ப்ரஷன் விகிதம் 6.5 இருந்தால் 8.4 ஆகும், கலவை தாறுமாறாக வெடிக்கும் டெட்டொனேஷன் பிஸ்டன் தலையை அரித்துவிடும். 58-க்கான ஹெட்தான் வேண்டும். ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியே ஈயக்கம்பியைச் சிலிண்டர் சுவர் வரை விட்டு இன்ஜினை ஒரு சுற்று சுற்றுங்கள். நசுங்கிய நுனியின் தடிமன்தான் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி. அது 1.0 முதல் 1.2 மி.மீ. இருந்தால் நிம்மதி, 0.8-க்குக் கீழே ஆபத்து. அதைச் சரிசெய்ய அடி கேஸ்கட் தடிமனை இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள், போர்ட் திறந்து மூடும் நேரம் (போர்ட் டைமிங்) நகர்ந்துவிடும்.

கிராங்க் ஆயில் சீல் இரண்டையும் இதோடு மாற்றிவிடுங்கள். மேக்னெட் பக்கம் காற்று இழுத்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து (லீனாகி) பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கம் கசிந்தால் கியர் ஆயில் எரிந்து புகை தள்ளும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டைப் பெரிதாக வைத்து ஆரம்பித்து, பிளக் காபிப்பொடி நிறத்துக்கு வரும்வரை படிப்படியாகக் குறையுங்கள். சிறிதில் தொடங்கினால் தப்பைக் காட்டித்தருவது ஜாமான பிஸ்டன்தான்.

ஆர்சியில் பழைய சிசிதான் இருக்கும். அனுமதியில்லாமல் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ-இன்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆர்டிஓவில் கேட்டுவிட்டே பிளாக்குக்கு முன்பணம் கொடுங்கள்.